பென்டிரைவ் கற்றுத்தந்த பாடம்



காலஞ்சென்ற எங்கள் பாட்டி பேசிய காட்சி, பிரான்சிலிருந்து தலத்தெரு வந்திருந்த சித்தப்பாவின் மேக் கணினியில் மட்டுமே இருந்தது. அவர் புறப்படும் நாளன்று அதை என் பென்டிரைவில் பதிய முயன்றேன், இயலவில்லை. காரணம் என்ன?

கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள் பல. அவற்றுள் மூன்றை அறிவோம்.

1. ஃபாட் 32: ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் ஏற்கும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு இதில் அடங்காது.

2. என்.டி.எஃப்.எஸ்.: 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்தது. மேக் இதைப் படிக்கும். தனி மென்பொருளின்றி இதில் எழுதாது. என் பென்டிரைவ் இவ்வகையே!

3. எக்ஸ்ஃபாட்: 2006-இல் வந்தது. பெரிய கோப்புகளையும் ஏற்கும். விண்டோஸ், மேக் இரண்டும் இதில் எழுதும். 2019-இல் மைக்ரோசாஃப்ட் இதன் விதிகளை வெளியிட்டது. அவ்வாண்டே லினக்ஸிலும் சேர்ந்தது.

2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆகவே இது நமக்கும் உரிய பாடமே.

எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்ற எண்ணி அவசரமாக ‘ஃபார்மட்’ செய்தேன். பாட்டியின் காட்சி கிடைத்தது. ஆனால் பென்டிரைவிலிருந்த எங்கள் வகுப்பின் ஆண்டுவிழாப் படங்கள் யாவும் அழிந்தன! தோழியரிடம் சொல்ல நாணினேன்.

எனவே, முதலில் வேறிடத்தில் நகல் எடுங்கள். பிறகே ஃபார்மட் செய்யுங்கள். பதிந்ததைத் திறந்து பாருங்கள். முறைப்படி ‘வெளியேற்று’ என்று கொடுத்த பின்னரே கழற்றுங்கள். வருமுன் காப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி