ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் எங்கே?
“லிம்போ” பற்றிய ஒரு விளக்கம்

நவம்பர் 2ஆம் நாள், மரித்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூருகிறது. அன்று குடும்பம் குடும்பமாகச் சேமக்காலைக்குப் போகிறோம். புல்லைச் செருக்கி, கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். ஆனால் ஏற்றிய திரிகளுக்குப் பிறகும் கையில் ஒரு திரியை வைத்துக்கொண்டு, அதை எங்கே ஏற்றுவதென்று தெரியாமல் நிற்கும் தாய்மார் நம்மிடையே உண்டு. பிறந்த அன்றோ மறுநாளோ இறந்துபோன ஒரு பிள்ளை. ஞானஸ்நானம் கொடுக்க நேரமிருக்கவில்லை. கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை.

“சுவாமி, அந்தப் பிள்ளைக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாமோ?” என்று கேட்க வாயெடுத்து, கேளாமலே திரும்பிப் போகிறவர்களும் உண்டு. “அது மோட்சத்துக்குப் போகாது, லிம்போவிலேதான் இருக்கும்” என்று யாரோ என்றோ சொன்ன சொல் அவர்கள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கிறது.

இது உண்மையில் திருச்சபையின் விசுவாச சத்தியமா? இல்லை. இதனைச் சற்று ஆறுதலாக ஆராய்வோம்.

கேள்வி எப்படி எழுந்தது?

நீரினாலும் ஆவியினாலும் பிறவாதவன் இறையரசில் நுழைய முடியாது என்று ஆண்டவர் நிக்கொதேமுவுக்குச் சொன்னார் (அருளப்பர் 3:5). ஆகவே ஞானஸ்நானம் இரட்சணியத்துக்கு அவசியம் என்பது ஆதிமுதல் திருச்சபையின் போதனை. அப்படியானால், எந்தப் பாவமும் செய்யாத, ஆனால் ஞானஸ்நானம் பெறாத பச்சிளம் பாலகனின் கதி என்ன?

5ஆம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவரின் கொள்கையாளர், பிள்ளைகளுக்கு ஜென்ம பாவமே இல்லை என்று போதித்தார்கள். அவர்களை எதிர்த்து வாதாடிய புனித அகுஸ்தீனார், ஞானஸ்நானம் இன்றி இறக்கும் குழந்தைகளும் தண்டனைக்கு உட்படுவர், ஆனால் அது எல்லாவற்றிலும் மிக இலேசான தண்டனை என்று எழுதினார். கிறிஸ்துவின் அருளின்றி எவருக்கும் மீட்பில்லை என்பதைக் காப்பாற்றவே அவர் இவ்வளவு கடுமையாகப் பேசினார். அவருடைய பெரும் செல்வாக்கினால் இக்கருத்து பல நூற்றாண்டுகள் மேற்றிசைத் திருச்சபையில் நிலைத்து நின்றது.

லிம்போ: இரக்கத்தில் பிறந்த கருத்து

பிற்காலத்து வேத சாஸ்திரிகளுக்கு இது மனதுக்கு ஒவ்வவில்லை. 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் வேறொரு விடை தேடினார்கள். சுயமாகப் பாவம் செய்யாதவர்களுக்கு வேதனை இருக்க முடியாது. ஆனால் ஞானஸ்நானம் இல்லாதபடியால் தேவ தரிசனமும் கிடையாது. எனவே இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கவேண்டும் என்றார்கள். அதற்கு “லிம்போ” என்று பெயரிட்டார்கள். இலத்தீன் மொழியில் “லிம்புஸ்” என்றால் ஓரம், விளிம்பு. சேலைக்குக் கரை இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். 1274இல் இறந்த புனித தோமஸ் அக்குவீனாஸ், அக்குழந்தைகள் துக்கமின்றி ஓர் இயற்கையான இன்பத்தில் வாழ்கிறார்கள் என்று போதித்தார்.

எனவே, வாசகர்களே, லிம்போ என்பது தாய்மாரைப் பயமுறுத்தக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றல்ல. கடுமையான ஒரு கருத்தைத் தணிப்பதற்காக இரக்கமுள்ள சாஸ்திரிகள் சொன்ன விளக்கம் அது. ஆனால் ஒரு விளக்கம், எத்தனை காலம் போதிக்கப்பட்டாலும், விசுவாச சத்தியம் ஆகிவிடாது. 1794இல் பாப்பரசர் 6ஆம் பத்திநாதர், லிம்போவை வெறும் கட்டுக்கதை என்று இகழ்ந்தவர்களைக் கண்டித்தார். எனினும் அதை எல்லாரும் விசுவசிக்கவேண்டும் என்று அவர் வரையறுக்கவில்லை. அவருக்கு முன்னோ பின்னோ எந்தப் பாப்பரசரும், எந்தப் பொதுச்சங்கமும் அப்படி வரையறுத்ததில்லை.

ஆயினும் அது மறைக்கல்விப் புத்தகங்களில் இடம்பெற்றது. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். காலப்போக்கில் விசுவாசப் பிரமாணத்தின் ஒரு வரி போலவே ஆகிவிட்டது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில், ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருச்சபை முறைப்படியான அடக்கம் இல்லை என்றிருந்தது. இதனால் பல தேசங்களில் இப்படிப்பட்ட குழந்தைகள் மந்திரிக்கப்பட்ட மண்ணுக்கு வெளியே அடக்கப்பட்டார்கள். அயர்லாந்தில் இவர்களுக்கென்றே “கில்லீன்” எனப்படும் தனி இடங்கள் இருந்தன. தகப்பன்மார் பலர் இரவு வேளையில், பூசையோ மணியோ இன்றி, தங்கள் பிள்ளையைத் தாங்களே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஒரு கருத்தைச் சத்தியம் என்று தவறாக விளங்கிக்கொண்டால் அது எத்தனை வீடுகளின் கண்ணீராகும் என்பதற்கு இது சாட்சி.

திருச்சபை இன்று போதிப்பது என்ன?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தபடியால், கடவுளுக்குத் தெரிந்த வகையில் பரிசுத்த ஆவியானவர் எல்லாருக்கும் மீட்பில் பங்குபெற வாய்ப்பளிக்கிறார் என்று கற்பித்தது. அதன்பின் 1969இல் சீர்திருத்தப்பட்ட அடக்கச் சடங்கு முறையில், ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கென்றே தனிச் செபங்கள் சேர்க்கப்பட்டன. 1983இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தின்படி (எண் 1183), ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து அதற்கு முன் பிள்ளை இறந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபையின் அடக்கச் சடங்கை நடத்தலாம்.

1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் “லிம்போ” என்ற சொல்லே இல்லை. அதற்குப் பதிலாக 1261ஆம் எண், எல்லாரும் மீட்படைய வேண்டுமென விரும்பும் கடவுளின் இரக்கத்தையும், சிறுவரைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசுவின் கனிவையும் எடுத்துக்காட்டி, இக்குழந்தைகளுக்கும் மீட்பின் வழி ஒன்று உண்டு என நம்ப நமக்கு இடமளிக்கிறது. அதே நூலின் 1257ஆம் எண், கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு இணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம் தேவதிரவிய அனுமானங்களால் கட்டுப்பட்டவர் அல்லர் என்கிறது. நமக்கு விதி உண்டு. அவருடைய இரக்கத்துக்கு நாம் வேலி போட முடியாது.

2007ஆம் ஆண்டில், பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பரின் இசைவோடு, அகில உலக இறையியல் ஆணைக்குழு இவ்விடயம்பற்றி நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டது. லிம்போவை ஓர் அபிப்பிராயமாகக் கொள்ளலாம். ஆனால் இக்குழந்தைகள் தேவ தரிசனத்தை அடைவார்கள் என்று நம்பிக்கை கொள்வதற்குப் பலமான காரணங்கள் உண்டு என்பதே அதன் முடிவு. இது நிச்சயமான அறிவு அல்ல, நம்பிக்கை என்பதையும் அது தெளிவாகக் கூறியது. நம்பிக்கை என்பது தேவ சம்பந்தமான புண்ணியங்களுள் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது.

நம் வழிபாட்டிலேயே இதற்கோர் ஒளி இருக்கிறது. டிசம்பர் 28ஆம் நாள் மாசற்ற குழந்தைகளின் திருநாள். ஏரோதின் வாளுக்கு இரையான அந்தப் பாலகர்களில் ஒருவரும் ஞானஸ்நானத் தண்ணீரைக் கண்டதில்லை. கிறிஸ்துவை அறிக்கையிட அவர்களுக்கு வாயும் இல்லை. ஆயினும் திருச்சபை அவர்களைப் புனிதர்களாக வணங்குகிறது.

அப்படியானால் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடலாமா?

கூடாது. இது எதிர்ப்புறத்தில் விழும் தவறு. நல்ல நாள் பார்த்து, வெளிநாட்டிலிருந்து மாமன்மார் வரட்டும், மண்டபம் கிடைக்கட்டும் என்று மாதக்கணக்காகத் தாமதிப்பது சரியல்ல. பிள்ளை பிறந்த முதல் வாரங்களிலேயே ஞானஸ்நானம் பெறச் செய்வது பெற்றோரின் கடமை என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது (எண் 867). நாம் உறுதியாய் அறிந்த வழி ஞானஸ்நானமே.

பிள்ளை மரண ஆபத்தில் இருந்தால் குருவானவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தகப்பனோ, தாதியோ, யாராயினும், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு, பிள்ளையின் தலையில் தண்ணீரை வார்த்தபடியே, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பின்பு பங்குத்தந்தைக்கு அறிவிக்கவேண்டும். இறந்துவிட்ட பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. தேவதிரவிய அனுமானங்கள் உயிரோடிருப்பவர்களுக்கே உரியவை. ஆனால் அப்பிள்ளைக்காகச் செபிக்கலாம், பெயர் வைக்கலாம், கடவுளின் கையில் ஒப்படைக்கலாம்.

ஆகவே, திரியோடு நிற்கும் அந்தத் தாய்க்கு நாம் சொல்லவேண்டிய பதில் இது: “அம்மா, அந்தப் பிள்ளையை நினைத்துப் பூசை ஒப்புக்கொடுக்கலாம். சேமக்காலைச் சிலுவையடியில் அந்தத் திரியை ஏற்றுங்கள். நீங்கள் பத்து மாதம் சுமந்த பிள்ளையை, உங்களிலும் அதிகமாய் நேசிக்கிறவர் ஒருவர் இருக்கிறார்.”

வீட்டில் பேசிக்கொள்ள:

1. ஒரு சாஸ்திரியின் விளக்கத்துக்கும் விசுவாச சத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன?

2. அவசர ஞானஸ்நானம் கொடுக்கும் முறை வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியுமா?

3. நம் குடும்பத்தில் பெயரின்றி மறைந்த குழந்தை உண்டா? இன்றைய குடும்ப செபத்தில் அதனை நினைத்துக்கொள்வோமா?