பந்தயம் முடிந்த குதிரையும் அளவான பணமும்

கேள்வி: உதகையிலும் கிண்டியிலும் ஓடி, முன்னங்கால் தசைநாண் வீங்கியதால் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட ஏழு வயதுக் குதிரையொன்றை வாங்கி, எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஓராண்டாக வளர்த்து வருகிறேன். காளைகளுக்குப் போடும் கொழுக்கட்டைப் புல்லும் தவிடும்தான் அதற்கும். ஆயினும் விலா எலும்பு தெரிகிறது. தீவனத்தைப் பாதியில் விட்டுவிட்டு நிற்கிறது. குளம்பின் ஓரம் உதிர்கிறது. சில நாட்களில் கால் தாங்குகிறது. சத்து டானிக், மூட்டுக்குப் பவுடர், வயிற்றுப் புண்ணுக்கு மருந்து என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்க எனக்கு வசதியில்லை. எதை வாங்குவது, எதை விடுவது?
– ஒரு வாசகர், காங்கேயம் வட்டாரம்

பதில்: டானிக்கையும் மூட்டுப் பவுடரையும் இன்றே விட்டுவிடலாம், அந்தப் பணம் முழுவதும் புல்லுக்கும் பல்லுக்கும் குளம்புக்கும் போகட்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். தாங்கள் எழுதியிருக்கும் குறைகள் நான்கு வேறு வியாதிகள்போலத் தோன்றினாலும், அவற்றில் பெரும்பாலானவை அது என்ன தின்கிறது, எப்படித் தின்கிறது என்ற ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்கக் கூடும்.

குதிரையின் இரைப்பை, அது தின்றாலும் தின்னாவிட்டாலும், இரவும் பகலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும் சுபாவமுடையது. அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ, அது புல்லை மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. பந்தய லாயங்களில் தானியம் மிகுதியாகவும் புல் குறைவாகவும் கொடுத்து, நெடுநேரம் வெறும் வயிற்றோடு நிறுத்திவைப்பதால், பயிற்சியிலிருக்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் காணப்படுகிறது. ஆகவே 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர்ந்த கணக்கில் நாளொன்றுக்கு ஏழு கிலோவுக்குக் குறையாமல் புல் வேண்டும். நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் அதன் முன்னால் புல் இல்லாதிருக்கலாகாது.

ஆனால் எந்தப் புல் என்பதே தங்கள் விஷயத்தில் பிரதானம். கொழுக்கட்டைப் புல் காங்கேயம் காளைக்கு அருமையான மேய்ச்சல் என்பதில் ஐயமில்லை. அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருளை மாட்டின் அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வசதி இல்லாமையால், புல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஆக்சலேட் பற்றிக்கொள்ள, அது தேகத்தில் சேராமலே சாணத்தோடு வெளியேறிவிடுகிறது. போதாததற்குத் தாங்கள் போடும் தவிடோ பாஸ்பரஸ் மிகுந்து சுண்ணாம்பு குறைந்தது. இவ்விரண்டும் மாதக்கணக்கில் சேர்ந்தால், இரத்தத்துக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தேகம் தன் எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கி, முதலில் இன்ன கால் என்று சொல்ல முடியாத நொண்டலும், நாளடைவில் கண்ணுக்குக் கீழே முகத்தின் இருபுறமும் எலும்புப் புடைப்பும் உண்டாகும். இன்றே விளக்கைப் பிடித்து, முகத்தின் இரு பக்கங்களையும் தாடையையும் விரல்களால் தடவிப் பாருங்கள். பழைய பந்தயக் காயம் என்று தாங்கள் எண்ணியிருக்கும் நொண்டல் இதனால் நேர்ந்ததாகவும் இருக்கலாம்.

இதற்குப் பரிகாரம் விலையுயர்ந்ததன்று. தவிட்டை நிறுத்துங்கள். வாய்க்கால் வரப்பில் கிடைக்கும் அருகம்புல்லைப் பிரதான ஆகாரமாக்கி, உலர்ந்த குதிரைமசால் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அளவில் சேருங்கள். அதன் சுண்ணாம்புச் சத்து எலும்புக்கும் உதவும், இரைப்பையின் அமிலத்தையும் தணிக்கும். வேகவைத்த கொள்ளு ஒரு கிலோவுக்கு மேற்படாமல் இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். மாற்றம் எதையும் பத்துப் பதினைந்து நாட்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் மட்டும் அதன் வாய்க்கு எட்டாமல் இருக்கட்டும். சிலவற்றில் கலக்கப்படும் மொனென்சின் என்ற மருந்து, கோழிக்குத் தீங்கு செய்யாத அளவிலேயே குதிரையின் இருதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

தீவனத்தைப் பாதியில் விடுவதற்குப் பல்லும் காரணமாகலாம். குதிரையின் பல் ஈறிலிருந்து சிறிது சிறிதாக வெளிவந்து தேய்ந்துகொண்டிருப்பது. கடைவாய்ப் பற்களின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும்போது, பாதி மென்ற புல் உருண்டையாகத் தீவனத் தொட்டியருகே விழுந்து கிடக்கும். அவ்வுருண்டைகளைக் கண்டால் மருத்துவரை அழைத்து அரத்தால் ராவச் சொல்லுங்கள். ஆண்டுக்கொரு முறை செய்தால் போதும்.

குடற்புழு மருந்தைக் கண்ணால் மதித்த எடைக்குக் கொடுப்பது விரயம். குறைந்த அளவில் கொடுத்தால் புழுக்கள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். முன்னங்காலுக்குப் பின்புறம் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, மீண்டும் நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை ஏறக்குறையக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 175, நீளம் 160 எனில் எடை சுமார் 412 கிலோ. மருந்துக்கு முன் சாணத்தை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிப் புழு முட்டை இருந்தால் மட்டும் கொடுங்கள். எடை ஏறுகிறதா என்பதையும் மாதந்தோறும் இந்த அளவையே காட்டிவிடும்.

குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்வதால், உதிர்ந்த ஓரம் சரியாகப் பல மாதங்கள் செல்லும். ஆறு வாரத்துக்கொரு முறை செதுக்கிவந்தால், தார்ச்சாலையில் ஓட்டாத குதிரைக்கு லாடமே வேண்டியதில்லை. மழைக்காலத்தில் லாயத் தரை ஈரமின்றி இருக்கட்டும். தசைநாணுக்கு மட்டான நடையே போதும். வலி மருந்தாகிய பீனைல்பியூட்டசோனை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டினால் அதுவே வயிற்றில் புண்ணை உண்டாக்கும்.

இவ்வளவும் செய்து இரண்டு மாதத்துக்குப் பின்னும் அது தீவனத்தை விட்டு விலகுமானால், அப்போது வயிற்றுப் புண் மருந்தாகிய ஒமெப்ரசோல் வாங்கலாம்; மருத்துவர் குறித்த அளவில் 28 நாள் முழுவதும் கொடுக்க இயலும் என்ற நிலையில் மட்டுமே தொடங்குங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியில் ஒருபோதும் சிக்கனம் வேண்டாம். அந்நோய் குதிரையை மிக எளிதில் பற்றும், பற்றினால் மீட்பது மிகக் கடினம்.

மிச்சமாகும் பணத்தை வயிற்றுவலிக்கென்று தனியே வைத்திருங்கள். ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். புரண்டு உதைத்துக்கொள்ளும் குதிரைக்கு அது 60-ஐத் தாண்டினால், கை வைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் அந்த நிமிடமே மருத்துவரை அழையுங்கள்.