தங்கும் நேரம் பார்த்து முகவரி கொடுங்கள்

மாட்டுப்பட்டி, மூணாறுப் பக்கம் விடுதிகளிலும் பள்ளிகளிலும் நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக இறங்கும் தம்பி தங்கைகளுக்கு.

1. சர்வரைத் தொடுமுன் தாளில் எழுதுங்கள். 192.168.10.0, மாஸ்க் 255.255.255.0 என்றால் கையில் 254 முகவரிகள். 1 முதல் 49 வரை ரௌட்டர், பிரிண்டர், கேமராவுக்கு நிலையாக ஒதுக்கிவிட்டு, 50 முதல் 250 வரை, கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபியிடம் விடுங்கள். இரண்டும் கலந்தால் ஒரே முகவரிக்கு இரண்டு கருவிகள் மோதும்.

2. ஒரு முகவரி ஒரு கருவிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்ற லீஸ் நேரத்தில்தான் பிழைப்பே இருக்கிறது. அணைப் பக்கம் படகுக்கு வருகிறவர் டீ குடித்துவிட்டு அரை மணியில் குண்டளைக்குக் கிளம்பிவிடுவார். லீஸ் 24 மணி நேரம் என்றால், அவர் போன பின்பும் அந்த முகவரி மறுநாள்வரை பூட்டியே கிடக்கும். விடுமுறை நாளில் 201 முகவரிகளும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அடுத்து வருகிறவரின் போன் முகவரி கேட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் லேப்டாப் 169.254 என்று தொடங்கும் ஒன்றைத் தானே வைத்துக்கொள்ளும். எல்லாரும் லைன் மோசம் என்பார்கள். லைனில் குறையே இல்லை. டீக்கடைக்கு ஒரு மணி நேரம் வையுங்கள், விடுதிக்கு ஒரு நாள், பள்ளிக் கணினி அறைக்கு ஒரு வாரம். குறைத்தால் உட்கார்ந்திருப்பவருக்கு இணைப்பு அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்; பாதி நேரம் கழிந்ததுமே கருவி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

3. நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அதைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு 254 போதாது. மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கினால் 510 கிடைக்கும். 192.168.10.0 அதற்குத் தொடக்கமாகும், 192.168.11.0 ஆகாது. ரௌட்டரிலும் நிலை முகவரிக் கருவிகளிலும் மாஸ்க்கை மாற்ற மறக்காதீர்கள்.

4. லினக்ஸில் டிஎச்சிபிடி என்ற டிஎச்சிபி சர்வர் மென்பொருள் கிளம்ப மறுத்தால், கோப்பில் எழுதிய சப்நெட்டும் அந்த நெட்வொர்க் கார்டின் முகவரியும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். அதை உருவாக்கிய ஐஎஸ்சி நிறுவனம் அந்த மென்பொருளைப் பராமரிப்பதை 2022-ல் நிறுத்திவிட்டது. புதிதாகக் கற்பவர்கள் அதற்குப் பதிலாக வந்த கீயாவைப் படியுங்கள்.

5. யாரோ பழைய வைஃபை ரௌட்டரை ஸ்விட்சில் செருகிவிடுவார்கள். அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். கருவிகள் பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே பிடித்துக்கொள்ளும். இப்படி வரும் போலிப் பதில்களைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் ஸ்விட்சில் இருந்தால் போடுங்கள்.

6. ஆடி மழையில் கரண்ட் நிற்காத நாள் அரிது. லீஸ் பட்டியலை வட்டில் எழுதாத சிறு ரௌட்டர்கள் அணைந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். பிறகு ஒருவர் பயன்படுத்தும் முகவரியையே இன்னொருவருக்கு நீட்டக்கூடும். அதனால் ரௌட்டருக்கும் சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் கேட்டு வாங்குங்கள், முதலாளி முகம் சுளித்தாலும்.

7. முதலில் தாளில் எழுதியதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். அடுத்து வருகிறவர் எந்த மொழிப் பள்ளியில் படித்தவரோ.