முதுகுத்தண்டு வளைவு: பெரியவர்கள் அறிய வேண்டியவை

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் சகோதரிகளும், பத்தமடையில் பாய் நெய்பவர்களும் தரையில் உட்கார்ந்தே பகலைக் கழிக்கிறார்கள். முதுகு வலித்தால், "வேலை அப்படி" என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். சிலருக்கு முதுகுத்தண்டு வளைந்திருப்பதும் அந்த வலிக்குக் காரணமாக இருக்கலாம்.

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, சற்றே திருகியும் இருப்பதை ஸ்கோலியோசிஸ் என்பார்கள். எக்ஸ்ரேயில் வளைவு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் இப்பெயர். முன்பக்கம் குனிந்துபோகும் கூன் வேறு.

பெரியவர்களிடம் இது இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, வளரும் பருவத்தில் தொடங்கி நீடிப்பது. பெரும்பாலும் இதற்குக் காரணம் தெரிவதில்லை. குடம் சுமந்ததோ, கோணலாக உட்கார்ந்ததோ காரணமல்ல. இன்னொன்று, 50 வயதுக்கு மேல் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளும் மூட்டுகளும் தேய்வதால் வருவது.

ஒரு தோள் உயர்ந்திருப்பது, இடுப்பு ஒரு பக்கம் தூக்கி நிற்பது, குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிவது ஆகியவை அடையாளங்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று சில வீடுகளில் இதை மறைக்கிறோம். மறைப்பதால் சிகிச்சைதான் தள்ளிப்போகிறது.

வளர்ச்சி முடிந்தபின் வளைந்த எலும்பை எண்ணெய்க்கட்டோ, பெல்ட்டோ நிமிர்த்தாது. எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு முரட்டுத்தனமாக நீவிவிடுவது ஆபத்து. ஆனால் வலியைக் குறைத்து, உடலின் பலத்தைக் காக்க முடியும்:

• இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளைத் தினமும் செய்யுங்கள்; நடந்து பழகுங்கள்.

• அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். சுவரில் சாய்ந்தோ, முதுகு தாங்கும் நாற்காலியிலோ அமர்ந்து வேலை செய்யுங்கள்.

• மெடிக்கலில் வலி மாத்திரையை நீங்களே வாங்கி நாள்கணக்கில் சாப்பிடாதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

• மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

• பழைய எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்துங்கள். 50 டிகிரிக்கு மேற்பட்ட வளைவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 டிகிரி கூடக்கூடும். ஒப்பிட அது உதவும்.

ஸஜ்தாவுக்குக் குனிய முடியாதவர்கள் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. நரம்பு நசுங்கினாலோ, வளைவு கூடிக்கொண்டே போனாலோ, மற்ற சிகிச்சையில் வலி அடங்காவிட்டாலோ மருத்துவர் அதைப் பரிந்துரைப்பார். கால் பலம் குறைவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் காட்டலாம். நடமாட முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அறுவை சிகிச்சை என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்ய இயலுமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நம் உம்மாமார்களின் முதுகுவலியை இனியும் "வேலை அப்படி" என்று விட்டுவிடாமல், ஒருமுறையாவது மருத்துவரிடம் அழைத்துப் போவோம்.