கருமாதி முடியும் முன் கையெழுத்து வேண்டாம்



கூட்டத்தில் சாவைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே, "அபசகுனமா எதுக்குங்க மேடம் இதெல்லாம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஆனால் கூட்டம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது அதே சகோதரிகளில் ஒருவர் வாசல் வரைக்கும் வந்து, "எங்க வீட்டுக்காரர் வாங்குன கடனுக்கு இப்ப என்னைக் கேக்கறாங்க, நான் கட்டணுமா?" என்று மெதுவாகக் கேட்பார். ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கேள்வி வருகிறது. அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொண்டோம்.

நம்ம பக்கம் ஒரு வீட்டில் எழவு விழுந்தால் செலவு எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, மேளம், பாடை, வண்டி, வந்தவர்களுக்குச் சாப்பாடு, பால் தெளிப்பு, அப்புறம் கருமாதி. பங்காளியில் ஒருவர் "நான் பாத்துக்கறேன்" என்று முன்னால் நின்று செய்வார். நல்ல மனசுதான். ஆனால் கணக்கு எழுதுவதில்லை. பதினாறாம் நாள் பந்தல் பிரிக்கும்போது ஒரு மொத்தத் தொகையைச் சொல்வார்கள். புருஷனைப் பறிகொடுத்த பெண் மூலையில் உட்கார்ந்திருப்பாள், என்ன ஏது என்று கேட்க அவளுக்குத் தெம்பு இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் காகிதங்கள் வரும். கடன் கொடுத்தவர் புரோநோட்டோடு வருவார். சொந்தக்காரர் பத்திரத்தோடு வருவார்.

இறந்தவர் கடன் வேறு, நாம் கையெழுத்துப் போட்ட கடன் வேறு

இந்த வித்தியாசத்தை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

கணவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிய கடனுக்கு, அவர் விட்டுப் போன சொத்துதான் பொறுப்பு. வாரிசுகளின் கைக்கு அந்தச் சொத்து எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் கடன்காரர் வசூலிக்க முடியும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மனைவியின் கூலி, அவள் பிறந்த வீட்டில் போட்ட நகை, குழுவில் உள்ள அவள் சேமிப்பு, இவற்றில் கை வைக்க முடியாது. "அப்பன் கடனை மகன் அடைச்சே ஆகணும்" என்ற பழைய இந்து சட்ட விதியும் போய்விட்டது. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்குப் பிறகு வாங்கும் கடன்களுக்கு அந்த விதி செல்லாது என்று எழுதிவிட்டார்கள்.

ஆனால் கடன் வாங்கும்போதே மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாலோ, ஜாமீன் நின்றிருந்தாலோ அது அவளுடைய கடனும்தான். நிலத்தை அடமானம் வைத்திருந்தால் அந்த நிலத்தின் மேல் கடன்காரருக்கு உரிமை உண்டு. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விசைத்தறி ஓட்டிய ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரில் இருந்தது பைக்கும் வங்கியில் கொஞ்சம் பணமும், இரண்டும் சேர்த்து 80,000 ரூபாய். அடக்கம், கருமாதிக்கு நியாயமாக ஆன செலவு 30,000. மீதி 50,000. அவர் புரோநோட்டில் வாங்கிய கடன் 2 லட்சம். சட்டப்படி கடன்காரருக்குக் கிடைக்கக்கூடியது அந்த 50,000 மட்டும்தான். மீதி ஒன்றரை லட்சத்துக்கு மனைவி மேல் வழக்குப் போட்டு அவள் சம்பாத்தியத்தில் எடுக்க முடியாது.

இப்போது பாருங்கள். கடன்காரர் எட்டாம் நாள் வந்து, "ஏம்மா, அவசரமே இல்லை, நீ மெதுவா குடு. கணக்குக்காக ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு" என்று புது நோட்டை நீட்டுகிறார். அவளும் மரியாதைக்காகப் போட்டுவிடுகிறாள். அந்த நிமிடத்திலிருந்து 2 லட்சமும் வட்டியும் அவளுடைய சொந்தக் கடன். இறந்தவரின் சொத்தோடு முடிந்திருக்க வேண்டியது அவள் ஆயுசுக்கும் வந்து சேர்கிறது.

பழைய நோட்டின் பின்பக்கம் "ரூ. 500 வரவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதும் சாதாரண விஷயம் இல்லை. புரோநோட்டுக்குக் காலக்கெடு மூன்று வருடம். கெடு முடிவதற்குள் வரவு வைத்துக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓடும். கெடு முடிந்துபோன கடனைக்கூட, "நான் தருகிறேன்" என்று புதிதாக எழுதிக் கொடுத்தால் அதற்கு உயிர் வந்துவிடும்.

வாசலில் நின்று சத்தம் போட்டால் என்ன செய்வது? தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டுவது, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது இவற்றைத் தண்டிக்க 2025-ல் தனிச் சட்டமும் வந்துள்ளது. துக்க வீட்டுக்கு அந்த நேரத்தில் வசூலுக்குப் போகக்கூடாது என்று வங்கிகளே தங்கள் வசூல் நெறிமுறையில் எழுதி வைத்திருக்கின்றன. வாரக்கடன் வசூலுக்கு வருகிறவரிடமும் இதைத் தைரியமாகச் சொல்லலாம். கடனுக்கு இன்சூரன்ஸ் பிடித்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மீதித் தவணையை இன்சூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டியிருக்கும்.

கொள்ளி வைத்தவருக்கே சொத்தா?

"ஆம்பளப் புள்ளை இல்லை, கொழுந்தனார் மகன்தான் கொள்ளி வச்சான், அதனால காடு அவனுக்குத்தான்." ஊர்ப் பஞ்சாயத்தில் இப்படித் தீர்ப்புச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. யார் கொள்ளி வைத்தார்கள், யார் மொட்டை போட்டார்கள் என்று அது கேட்பதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் மறுபடியும் உறுதி செய்தது. முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்குப் பங்கு முறை வேறு. ஆனால் அடக்கச் செலவு போகத்தான் கடன், கடன் போகத்தான் பங்கு என்ற வரிசை அங்கேயும் உண்டு.

சரி, செலவு செய்த பங்காளிக்கு ஒன்றுமே கிடையாதா? உண்டு. இறந்தவரின் சொத்திலிருந்து மற்ற கடன்களுக்கு முன்னால் நியாயமான ஈமச்சடங்குச் செலவையும் கடைசி நேர மருத்துவச் செலவையும் கொடுக்க வேண்டும் என்று 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 320-ஆவது பிரிவு கூறுகிறது. இதில் "நியாயமான" என்பதுதான் முக்கியம். இறந்தவரின் வசதிக்குத் தக்கபடி என்று அர்த்தம். ஊர் மெச்ச வேண்டும் என்று இரண்டு கெடா வெட்டிப் போட்ட சாப்பாட்டுக் கணக்கை விதவையின் தலையில் கட்ட முடியாது. முப்பதாயிரம் செலவு செய்தவர் முப்பதாயிரம் கேட்கலாம், அரை ஏக்கர் கேட்க முடியாது. கருமாதிக்கு வந்த மகள்களிடம் அதே நாளில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நம் மாவட்டங்களில் நடக்கிறது. பங்கை விட்டுக்கொடுப்பது அவர்கள் விருப்பம். ஆனால் என்ன பத்திரம் என்று ஒருவர் படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

கடன் வாங்கும் முன் வரவேண்டியதைப் பாருங்கள்

அரசு மருத்துவமனையில் இறந்தால் உடலை வீட்டுக்குக் கொண்டு வர இலவச அமரர் ஊர்தி உண்டு. எண் 155377. சேலம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள்கூட இது தெரியாமல் தனியார் வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் பில் பாக்கிக்காக உடலைத் தரமாட்டோம் என்று சொல்லக்கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் போகும் ஆண்கள் அதிகம். வெளி மாநிலத்தில் இறந்தால் இறப்புச் சான்றிதழ் இறந்த இடத்தில்தான் கிடைக்கும், நம் ஊர் வி.ஏ.ஓ. தர முடியாது. உடலோடு வருகிறவர்களிடமே அங்கே பதிவு செய்யச் சொல்லிவிடுங்கள். ஊரில் வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் அதிகாரியின் உத்தரவு வரை அலைய வேண்டும்.

சாலை விபத்தென்றால், இழப்பீட்டில் ஈமச்சடங்குச் செலவு தனித் தலைப்பு. 2017 அக்டோபரில் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 15,000 ரூபாய் என்று நிர்ணயித்து, மூன்று வருடத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் கூட்டச் சொன்னது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சொல்கிறது, தள்ளிப் போடாதீர்கள். வேலை செய்யும்போது வேலையால் ஏற்பட்ட விபத்தில் இறந்தால் இழப்பீட்டோடு அடக்கச் செலவுக்கும் முதலாளி தனியாகப் பணம் கட்ட வேண்டும். 1923-ஆம் ஆண்டு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நலவாரியத்தில் பதிவு செய்து புதுப்பித்து வைத்திருந்தால் ஈமச்சடங்கு உதவி உண்டு. வங்கிக் கணக்கில் வருடம் 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி இருந்தால் எப்படி இறந்தாலும் 2 லட்சம், 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா இருந்தால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் போய் இது விட்டுப்போன குடும்பங்கள் பல. இன்றைக்கே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. சேலம், நாமக்கல் நீதிமன்ற வளாகங்களில் ஆணைக்குழு அலுவலகம் உள்ளது. தொலைபேசி 15100.

நம் குழுவில் ஒருவர் இறந்தால்

இதைப் பெரும்பாலான குழுக்கள் எழுதி வைக்கவில்லை. வங்கிக் கடன் குழுவின் கடன், அதனால் தவணையைக் குழுதான் தொடர்ந்து கட்ட வேண்டும். இறந்தவரின் சேமிப்பில் அவருடைய உள்கடனைக் கழித்து மீதியை வாரிசுகளுக்கு ரசீது வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். "கடன் போக ஒண்ணும் இல்லை" என்று வாயால் சொல்லி முடிக்கக்கூடாது, பேரேட்டைக் காட்ட வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் கீழே உள்ளதைப் படித்து, உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

"நமது குழு உறுப்பினரோ அவரது கணவரோ இறந்தால், அன்றே குழு நிதியிலிருந்து ரூ. ........ வட்டியில்லாமல் கொடுக்கப்படும். இரண்டு உறுப்பினர்கள் அந்த வீட்டில் இருந்து பந்தல் முதல் கருமாதி வரை செலவு நோட்டு எழுதுவார்கள். ரசீதுகள் அதே நோட்டில் ஒட்டப்படும். கருமாதி முடிந்து 15 நாள் வரை எந்த நோட்டிலும் பத்திரத்திலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதபடி அவர்கள் கூடவே இருப்பார்கள். 21 நாளுக்குள் இறப்புப் பதிவு செய்யும் பொறுப்பு ....................... அவர்களுடையது."

ஊக்குநர், பிரதிநிதிகள், எல்லா உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைப் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பில் கொடுத்துவிடுங்கள்.