விலையிலா மின்னூலும் வாசகர் வேண்டுவனவும்

திருவனந்தபுரத்தில் தமிழ் பயிலும் நமக்கு நூல் தேடி அலையும் துன்பம் புதிதன்று. இவ்வூர் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளை 1891-இல் 'மனோன்மணீயத்தை' வெளியிட்டார். அந்நூலுக்கே நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் எழுதிக் காத்திருந்தோர் நம்மிடையே உண்டு. இன்று அவ்வருத்தமில்லை, மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பாக அது காசின்றிக் கிடைக்கிறது.

மதுரைத் திட்டம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தோன்றியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது தட்டெழுதினர், பிழை திருத்தினர். ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் 2005-இல் எழுந்தது. இக்கால எழுத்தாளர் நூல்களை அவர்தம் இசைவுடன் வழங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் 2013-இல் தொடங்கியது.

இலவசமாக வந்ததில் குறை காணலாமா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்பர். மாட்டிற்கு அது பொருந்தலாம், நூலிற்குப் பொருந்தாது. இதனை நான் பட்டே அறிந்தேன்.

ஒரு சங்க நூலின் மின்படியில் 'பௌவம்' என்னும் சொல் எத்தனை இடங்களில் வருகிறதெனக் கணினியைக் கொண்டு எண்ணிக் கருத்தரங்கில் படித்தேன். ஆசிரியர் அச்சு நூலைப் புரட்டி, நான் விட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். குற்றம் எங்கே? பகரத்தோடு ஔகாரக் குறியைச் சேர்ப்பதே முறை. தட்டெழுதியவரோ சில இடங்களில் 'பெ' என்றெழுதி அருகே 'ள' என்னும் எழுத்தை வைத்துவிட்டார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இரு வேறு சொற்கள். துணைக்காலுக்கு ஈடாக ரகரம் இடுவதும் இவ்வினத்ததே. ஏடெழுதுவோர் பிழையை நாம் வகுப்பிற் படித்திருக்கிறோம். ஏடு போயிற்று, பிழை போகவில்லை!

ஆகவே, வாசகர் முதற்கண் வேண்டுவது மூலம் இன்னதென்னும் குறிப்பு. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடுகள் எவரிடமிருந்து கிடைத்தன என்பதைச் சொன்னார், பாடபேதங்களையும் காட்டினார். மதுரைத் திட்டத்தாரும் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை நூலின் தலைப்பிலேயே பொறிப்பது வழக்கம். அத்தலைப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் பிறர்க்கு வழங்கலாம் என்பதே அவர்கள் விதிக்கும் நிபந்தனை. ஆனால், நம் கைபேசிகளில் சுற்றிவரும் படிகள் பலவற்றில் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்னும் செய்தியே இல்லை. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அத்தகைய படியை எங்ஙனம் சுட்டுவது? பக்க எண்ணும் இல்லையே!

அடுத்து, வடிவம். அகன்ற தாளுக்கென அமைத்த பி.டி.எஃப். கோப்பைக் கைபேசியில் படிப்பது கண்ணுக்குக் கேடு. திரைக்கேற்ப வரி மடங்கும் இபப் வடிவமும் வேண்டும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் ஒரே நூலைப் பல வடிவில் தருவது இவ்வகையில் பாராட்டத்தக்கது.

உரிமை பற்றியும் ஒரு சொல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைவிற்குப் பின் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1897-இல் மறைந்த சுந்தரம் பிள்ளையின் நூலுக்குத் தடையில்லை. நேற்று வெளிவந்த நாவலை ஒளிவருடி அனுப்புவது வேறு. அதனைக் கொடை எனல் தகாது. பொதுவுரிமை நூலா, ஆசிரியரே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தந்த நூலா என்பதை முதற் பக்கத்திலேயே சொல்லிவிட்டால், நாம் அச்சமின்றித் தோழர்க்கு வழங்கலாம்.

இன்னொன்று, பிழை கண்டால் தெரிவிக்க ஒரு முகவரி. 'பௌவம்' தவறியிருந்த இடங்களை அடியெண்ணோடு தொகுத்து அந்த மின்படியை வெளியிட்டோர்க்கு எழுத முனைந்தேன். படி முழுதும் தேடியும் ஒரு பெயரோ முகவரியோ அகப்படவில்லை. அப்பட்டியல் இன்னும் என் குறிப்பேட்டில்தான் இருக்கிறது.