சோறு விளக்கானது எவ்வாறு?

மாணவச் செல்வங்களே! நம் இளமையில், தோட்டத்துப் பெரியவர்கள் விடியற்கால இருளில் மிதிவண்டியேறிப் பால்வெட்டுக்குச் செல்வதை நாள்தோறும் கண்டோம். டைனமோவைச் சாய்த்து டயரில் பொருத்தியதும் முன்விளக்கு ஒளிரும், மிதிப்பதோ கடினமாகும். விளக்கு எரிந்தால் கால் ஏன் வலிக்க வேண்டும்?

சக்தியைப் புதிதாக ஆக்க இயலாது. ஒரு வகையிலிருந்து மற்றொரு வகையாக மாற்றவே இயலும். சூரியனின் ஒளிச்சக்தி நெற்பயிரில் இரசாயனச் சக்தியாகத் தங்கிற்று. சோற்றின் வழியே உடலையடைந்து, தசைகளில் இயக்கச் சக்தியாயிற்று. டைனமோவினுள் காந்தம் சுழன்றதால், கம்பிச் சுருளில் மின்சக்தியாகி, விளக்கில் மீண்டும் ஒளியாயிற்று. அவ்விளக்குக்கு வேண்டியது ஏறத்தாழ 3 வாட்டே. கால்கள் கொடுத்ததோ அதனினும் மிகுதி.

எஞ்சியது எங்கே சென்றது? வெப்பமாயிற்று. உணவுச் சக்தியில் ஏறக்குறையக் காற்பங்கே தசையின் வேலையாகிறது. வியர்வையே அதற்குச் சாட்சி. இழை விளக்கும் ஒளியைவிட வெப்பத்தையே மிகுதியாகத் தரும். வெப்பமும் சக்தியே என்பதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் 1840களில் மெய்ப்பித்தார். கீழிறங்கும் எடையினால் துடுப்பைச் சுழற்றி, நீரைக் கலக்கியே சூடேற்றிக் காட்டினார்.

பெற்றோர்களே! மூளைக்கும் சக்தி வேண்டும். ஓய்ந்திருக்கும் உடல் செலவிடுவதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மூளைக்கே செல்கிறது. இதனை வகுப்பில் போதித்த நாமே, ஒருநாள் மேசைமீது தலை சாய்த்திருந்த சிறுவனைச் சோம்பேறியென்று கடிந்துகொண்டோம். பின்னர் விசாரித்தபோதே, அவன் பசியாறாமல் வந்திருந்தது தெரிந்தது. சிற்றுண்டிச் சாலைக்கு அழைத்துச் சென்று, அவன் உண்ட பின்னரே அன்றைய கணக்குப் பாடத்தைத் தொடர்ந்தோம்.